இழப்பு யாருடையது?

புயலும் வெள்ளமும் வந்தால், "ஆண்டவன் செயல்" என்று அடங்கிவிடுவது நம் பாட்டிமாரின் பழக்கம் மட்டுமன்று. ஆங்கிலச் சட்டமே அவற்றுக்கு அந்தப் பெயரைத்தான் சூட்டியிருக்கிறது. பொறுப்பிலிருந்து ஒருவரை விடுவிக்கச் சூட்டிய பெயர் அது. ஆண்டவன் செய்ததற்கு யாரிடம் போய் ஈடு கேட்பது?

கேட்டனர், அமெரிக்கப் பண்ணையர்.

2013 அக்டோபர் முதல் வாரம். தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதி. மழை கொட்டிற்று, மழையைத் தொடர்ந்து பனி, பனியோடு சூறைக்காற்று. குளிர்கால மயிர் வளராத மாடுகள் கோடைப் புல்வெளியிலேயே நின்றிருந்தன. நனைந்தன, விறைத்தன, வீழ்ந்தன. பல்லாயிரக்கணக்கில் மாண்டன.

மாண்ட கால்நடைக்கு ஈடு தரும் திட்டம் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. ஆனால் அது 2011-லேயே காலாவதியாகிவிட்டது. புதுச் சட்டம் பிறக்கவில்லை. போதாக்குறைக்கு, வாஷிங்டனில் வரவு செலவுப் பூசல் மூண்டு, அந்த அக்டோபர் முதல் நாளிலிருந்து 16 நாட்கள் அரசு அலுவலகங்கள் பல மூடிக்கிடந்தன. செத்த மாட்டைக் கணக்குச் சொல்லச் சென்றவனுக்குக் கதவிலே பூட்டு! புயலை ஆண்டவன் தலையில் போடலாம். பூட்டை யார் தலையில் போடுவது? 2014 பிப்ரவரியில்தான் சட்டம் வந்தது. முன்தேதியிட்டு, சந்தை மதிப்பில் 75 விழுக்காடு தர வகைசெய்தது, திட்டத்தையும் நிலையாக்கிற்று.

"நல்ல ஆண்டின் ஆதாயம் பண்ணையனுக்கு, கெட்ட ஆண்டின் நட்டம் ஊராருக்கா?" என்று கேட்பர் சிலர். கேட்க வேண்டிய கேள்விதான்; எள்ளி நகையாட மாட்டோம். ஆயின் கடைக்காரன் கணக்குப் போட்டு ஏமாறுவது வேறு, வானம் பொய்ப்பது வேறு. அவன் வளர்த்ததை உண்டு வாழ்வோர் அனைவருக்கும் அவன் நிலைத்திருப்பதில் பங்குண்டு. எனவே அவன் பெறுவது பிச்சையன்று, உரிமை என்கிறோம்.

சரி, அந்த உரிமை அவனோடு நிற்பானேன்? மாட்டின் உடைமையாளரும் ஒப்பந்தத்தில் வளர்ப்பவரும் ஈடு பெறலாம் என்கிறது சட்டம். பனியில் இறங்கி மந்தையைத் தேடிய கூலியாள், மந்தை அழிந்ததால் வேலை இழந்தால்? அத்திட்டத்தில் அவனுக்கு இடமில்லை. மாடு அவனுடையதல்லவே! இழப்பதற்கு ஏதேனும் வைத்திருப்பவனுக்கே இழப்பு உண்டு. உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாதவனுக்கு இழப்பும் இல்லை. என்ன விந்தையான கணக்கு!

இக்கணக்கு பழையது. 1933-இல் விலை வீழ்ச்சியால் வாடிய உழவரைக் காக்க, ரூஸ்வெல்ட் ஆட்சி பருத்திச் சாகுபடியைக் குறைத்தவர்க்குப் பணம் தந்தது. குத்தகையாளனுக்கும் வாரதாரனுக்கும் பங்கு உண்டு என்றது ஏடு. ஆனால் பணம் போனதோ நிலக்கிழார் கைக்கு. பலர் பங்கைக் கொடுக்கவில்லை. நிலத்தைத் தரிசாகப் போட்டதால் ஆள் எதற்கு என்று வாரதாரரை வீட்டைவிட்டே விரட்டினர். உழவனுக்கென்று வந்த உதவியே உழவனைத் தெருவில் நிறுத்திற்று! 1934-இல் ஆர்கன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து தென்னகக் குத்தகை உழவர் சங்கம் கண்டனர். நிறவெறி கோலோச்சிய மண்ணில் அது எளிய செயலா?

நிலம் உடையவனாக இருந்தாலும் நிறம் குறுக்கே நின்றது. கடனிலும் உதவியிலும் தமக்கு ஓரவஞ்சனை செய்யப்பட்டதென்று கறுப்பின உழவர் தொடுத்த வழக்கில் 1999-இல் உடன்பாடு ஏற்பட்டது. 2021-இல் வெள்ளையரல்லாத உழவரின் கடனைத் தீர்க்க இயற்றிய சட்டத்தை, வெள்ளை உழவர் சிலர் தொடுத்த வழக்குகளில் நீதிமன்றங்கள் தடுத்து நிறுத்தின. அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த ஏற்பாட்டின்கீழ், வேளாண்மைத் துறையின் கடன்களில் ஓரவஞ்சனைக்கு ஆளானோருக்கு 2024-இல் ஏறத்தாழ 200 கோடி டாலர் வழங்கப்பட்டது. 43,000 பேருக்கு மேல் பெற்றனர். கூலியாளுக்கென்று ஒரு சட்டத்தை இன்னும் எதிர்பார்த்திருக்கிறோம்.