செய்தலும் செய்யாமையும்

கருவுற்ற பெண் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்பது மருத்துவ வினாவாகத் தோன்றினாலும், ஒரு செயலால் நேரும் தீங்குக்கும் அச்செயலைத் தவிர்ப்பதால் நேரும் தீங்குக்கும் மனிதர் ஏற்கும் பொறுப்பு ஒன்றுதானா என்னும் அறவியல் வினாவே அதன் அடியில் உள்ளது. ஊசிக்குப் பின் உடல்நலம் குன்றினால் ஊசியைப் பழிக்கும் மனம், ஊசியின்றி நோய் வந்தால் விதி என்று அடங்கிவிடுகிறது. சும்மா இருந்ததால் விளைந்த கேட்டைச் சிறிதாகக் கருதும் இப்போக்கை உளவியலார் தவிர்ப்புச் சார்பு என்பர்.

2009இல் பரவிய எச்1என்1 ஃப்ளூ காய்ச்சல் கருவுற்றோரைக் கடுமையாகத் தாக்கியது. 2012இல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ தடுப்பூசியில் அவர்களுக்கே முதலிடம் தரப் பரிந்துரைத்தது. அவர்களுக்கு உரியது உயிருள்ள வைரஸ் இல்லாத ஊசி. அதனால் தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள், அதாவது நோயை எதிர்க்கும் புரதங்கள், நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்து, அதற்கென ஃப்ளூ ஊசியே இல்லாத முதல் ஆறு மாதங்களில் அதற்குக் காப்பாகின்றன.

ஆயினும் தாயின் அச்சத்தை அறியாமை என்று தள்ளுவது நேர்மையன்று. எடுத்துக்காட்டாக, கொரோனா தடுப்பூசியின் தொடக்க ஆய்வுகளில் கருவுற்றோர் சேர்க்கப்படவில்லை. இந்தியாவில் அவர்களுக்கான அனுமதி 2021 ஜூலை 2 அன்றுதான் வந்தது. பாதுகாப்பு கருதி ஆய்விலிருந்து விலக்கப்பட்டவர்களே, நோய் வந்தபோது போதிய சான்றின்றி முடிவெடுக்க நேர்ந்தது.

தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி போன்ற மலையூர்ப் பெண்ணுக்குத் தடுப்பூசி பற்றிய சான்றுகள் வந்து சேரும் வழி கிராம சுகாதார செவிலியரே. “பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?” என்று கேட்பவரிடம், கைவலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் வரக்கூடும் என்பதை மறைக்காமல் சொன்ன பிறகு அப்பெண் தரும் சம்மதமே அறவியல் ஏற்கும் சம்மதம்.