சொன்னோம், கேட்டுச்சா?

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிவிட்டு, நகராமல் நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ., திண்டிவனத்தில் 37 செ.மீ. மழை. மேற்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை நிரம்பியது. டிசம்பர் 2 அதிகாலை தென்பெண்ணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தின் ஆற்றங்கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அரசூர் அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீருக்குள் போனது.

அதற்குப் பிறகு நடந்த சண்டை பலருக்கும் நினைவிருக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் திறந்துவிட்டார்கள் என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம் என்றது அரசு. கரையோர மக்களில் பலர் சொன்னது இன்னும் சுருக்கமானது: “எங்களுக்கு யாரும் சொல்லல.”

இதில் யார் பொய் சொன்னது என்று தேட ஆரம்பித்தால் அது அரசியல் விவாதமாகிவிடும். என்னை உறுத்துவது வேறு. யாருமே பொய் சொல்லாமலும் இது நடந்திருக்கலாம். எச்சரிக்கை போயிருக்கும், வந்து சேர்ந்திருக்காது. ‘சொன்னோம்’ என்பதும் ‘கேக்கல’ என்பதும் ஒரே இரவைப் பற்றிய இரண்டு உண்மைகளாக இருக்க முடியும். அப்படியானால் இரண்டில் எதை எழுதி வைப்பது?

இந்தக் கேள்வியைச் சம்பளத்துக்குச் சுமக்கிற ஒரு வேலை இருக்கிறது. ‘கண்காணிப்பும் மதிப்பீடும்’ என்று அதற்குப் பெயர். புயல், வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ள ஊர் மக்களைத் தயார்படுத்தும் திட்டங்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம், எத்தனை ஒத்திகை நடத்தினோம், அதனால் என்ன மாறியது என்று கணக்கெடுப்பது. முதல் இரண்டையும் எண்ணிவிடலாம். மூன்றாவதை எண்ணுவதற்குத்தான் வழி தெரியாமல் திணற வேண்டியிருக்கிறது.

உலக அளவிலும் இதே சிக்கல்தான். 2015இல் ஜப்பானின் செண்டாயில் நாடுகள் கூடி, 2030 வரைக்குமான பேரிடர் அபாயக் குறைப்புச் சட்டகம் ஒன்றை ஏற்றுக்கொண்டன. அதில் 7 இலக்குகள். முன்னெச்சரிக்கை பற்றிய இலக்கை அளக்கும் குறியீடுகளில் ஒன்று, லட்சம் பேரில் எத்தனை பேர் எச்சரிக்கைத் தகவலின் வரம்புக்குள் இருக்கிறார்கள் என்று கேட்கிறது. ‘வரம்புக்குள்’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். செல்போன் டவர் இருக்கிற ஊர் வரம்புக்குள் வந்துவிடும். போனில் சார்ஜ் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்த பாட்டியும் அதே கணக்கில் வந்துவிடுவார். குறுஞ்செய்தியைப் படித்தவருக்குக்கூட ‘ஒன்றரை லட்சம் கனஅடி’ என்றால் என்ன புரியும்? அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: “தண்ணி எங்க தெருவுக்கு வருமா? வந்தா எத்தன மணிக்கு?”

சரி, இந்த எண்களே வேண்டாம் என்று தூக்கி எறிந்துவிடலாமா? அப்படிச் சொல்வது நமக்குச் சுலபம். எண்ணப்படாதவர்களுக்கு அது சுலபமில்லை. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள இருளர் குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாகப் போராடிவரும் விஷயங்களில் சாதிச் சான்றிதழும் ஒன்று. ‘இவர்கள் இருக்கிறார்கள்’ என்று அரசு ஒரு தாளில் எழுதித் தரவேண்டும் என்பதற்கான போராட்டம் அது. ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்பத்துக்கு 2000 ரூபாய் ரேஷன் அட்டையை வைத்து அறிவிக்கப்பட்டது. அட்டை இல்லாத குடும்பத்தின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்கும், பட்டியலில்தான் வந்திருக்காது. எண்ணப்படுவதும் ஓர் உரிமைதான்.

ஆனால் எண்ணும்போது ஒரு தராசும் கூடவே வந்துவிடுகிறது. அப்போது அறிவிக்கப்பட்ட நிவாரணத் தொகையில் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், செத்த மாட்டுக்கு 37,500 ரூபாய். குடிசையிழந்தவர்களுக்கு வீட்டுத் திட்டத்தில் முன்னுரிமை என்றும் சொன்னார்கள். அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். யாரும் மனசாட்சி இல்லாமல் போட்ட தொகை என்று நான் சொல்லவில்லை. சந்தை விலையை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் வரும். அதுதான் பிரச்சினையே. இழப்பை ரூபாயில் அளந்தால், ஏற்கெனவே ஒன்றும் இல்லாதவர் இழந்ததும் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை என்றாகிவிடும். மாடி வீட்டின் ஃபிரிட்ஜ் கணக்கில் பெரிதாகத் தெரியும். கூலிக்காரர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களுக்குப் படிவத்தில் கட்டமே இருக்காது.

கேட்கப் போகிறவரின் நிலையையும் பார்க்கலாம். பெரும்பாலும் இருபத்து சொச்சம் வயது. கையில் டேப்லெட், ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற டார்கெட். “பயிற்சி உபயோகமா இருந்துச்சாம்மா?” என்று கேட்டால், அந்த அம்மா “இருந்துச்சு சார்” என்பார். இல்லை என்று சொன்னால் வரவேண்டியது ஏதாவது நின்றுவிடுமோ என்ற பயம். வெயிலில் வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற மரியாதையும் இருக்கும். அந்த ‘இருந்துச்சு’ மாவட்டத் தலைநகருக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போய், நிதி தந்த நிறுவனத்தின் மேசைக்குப் போய்ச் சதவீதமாகிவிடும். ஊருக்கு மட்டும் திரும்பாது. அடுத்த தடவை போனால் கேள்வி நம்மிடம் வரும்: “போன தபா ஒருத்தர் வந்து எழுதிக்கினு போனாரே, அது இன்னா ஆச்சு?”

மதிப்பீட்டின் அறம் பற்றிய மொத்தக் கேள்வியும் எனக்கு அந்த ஒரு வரியில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒருவரிடம் அவருடைய மோசமான இரவைப் பற்றிக் கேட்டு வாங்குவது கடன். வாங்கியவர்தான் திருப்பித் தரவேண்டும்.

எப்படித் தருவது என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1994இல் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் ஒரு மக்கள் விசாரணை நடத்தியது. அரசு வேலைகளின் கணக்கை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். கூலி வாங்கியதாக எழுதியிருந்தால், ‘நான் வாங்கவில்லை’ என்று எழுந்து சொல்ல அந்த ஆளே அங்கே இருந்தார். நூறு நாள் வேலைச் சட்டத்தில் சமூகத் தணிக்கை இடம்பெற்றதற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

பேரிடர் திட்ட அறிக்கைகளையும் அப்படிக் கிராம சபையில் படிக்கலாமே. ‘இந்த ஊரில் 80 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது’ என்று அறிக்கையில் இருந்தால், ஆற்றோரத் தெருவில் இருப்பவர்கள் முன்னால் மைக்கில் அதை வாசிக்கட்டும். “எந்தத் தெருவுக்குச் சேந்துச்சு?” என்று ஒருவர் கேட்பார். காலனியில் இருந்து இன்னொருவர் கேட்பார். அறிக்கை அங்கேயே கிழியலாம். அப்படிக் கிழிந்தால் மட்டுமே அடுத்த மழைக்கு அது உதவும். மறுத்துச் சொல்லும் வாய்ப்பு இல்லாத இடத்தில் ‘ஆமாம்’ என்பதற்கும் அர்த்தம் கிடையாது.

டிசம்பர் 3ஆம் தேதி இருவேல்பட்டில், வெள்ளச் சேதத்தைப் பார்க்க வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. அதைச் சரி என்று சொல்ல மாட்டேன். அதன் பின்னால் அரசியல் இருந்ததாகவும் பேசினார்கள். ஆனால் கருத்துக் கேட்புப் படிவத்தில் தன் பேச்சுக்குக் கட்டம் இல்லாதவர்கள், கையில் கிடைத்ததை வைத்துப் பேசுவார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு ஐப்பசியிலும் வந்துகொண்டுதான் இருக்கும். மைக் கட்டிய ஆட்டோ தெருவில் போகும், போனில் செய்தி வரும், பதிவேட்டில் ‘எச்சரிக்கை விடுக்கப்பட்டது’ என்று நேரத்தோடு எழுதுவார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வேண்டும். அதை அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்ப முடியாது. தெருத் தெருவாகப் போய், ‘கேட்டுச்சா? கேட்டு என்ன பண்ணீங்க? எங்க போக முடிஞ்சுது?’ என்று கேட்டு, எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, ‘சரிதான்’ என்று அவர்கள் சொன்ன பிறகு நிரப்ப வேண்டியது அது.