நாவில் முதலில் வைக்கும் சுவை

ஓர் உயிர் வருந்தி அலறினால்தான் அதற்கு நாம் இழைப்பது தீங்காகுமா? அவ்வுயிர் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டால் அது தீங்கன்று என்று ஆகிவிடுமா? கைக்குழந்தையின் உணவில் சேர்க்கும் சர்க்கரையைக் கருதும்போது இவ்வினா எழுகின்றது.

ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பப்ளிக் ஐ என்னும் அமைப்பு 2024 ஏப்ரலில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்கப்பட்ட நெஸ்லே நிறுவனத்தின் செரிலாக் உணவில், ஒரு வேளை அளவுக்குச் சராசரியாக ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது என்றும், ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் ஆறு மாதக் குழந்தைகளுக்கு விற்கும் கோதுமை உணவில் சேர்த்த சர்க்கரை இல்லை என்றும் அது கூறியது. இந்தியச் சட்டத்திற்கு உட்பட்டே நடப்பதாகவும், சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து வருவதாகவும் நிறுவனம் விடை தந்தது. அவ்வாண்டு அக்டோபரில், 21 வகைகளுள் 14 வகைகள் சுத்திகரித்த சர்க்கரையின்றி வரும் என்று அறிவித்தது.

சட்டத்தின் எல்லை வேறு. அறத்தின் எல்லை வேறு. உயிர்கள் அனைத்தும் ஒத்தவை என்பது நம் கொள்கை. அங்குள்ள மகவுக்கு வேண்டாதது இங்குள்ள மகவுக்கு எவ்வாறு வேண்டியதாகும்?

நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு இவ்வறம் புதிதன்று. உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும், அச்சணந்தி முனிவரின் பெயர் பொறித்த வட்டெழுத்தும் இன்றும் உள்ளன. அம்முனிவர்கள் போற்றிய நெறியில், கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்கள் கூறப்படும். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கவொண்ணாத சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. நான்காவதை நாம் வண்டி மாட்டோடு நிறுத்திவிடுகிறோம். சிற்றுடலின் மேல் ஏற்றும் இனிப்பும் சுமையே. பிரிட்டனில் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்தது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் அப்பங்கீட்டுக்குள் வளர்ந்தோர்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 35 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2024இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மழலையில் ஏற்றிய சுமை முதுமையில் கனக்கின்றது.

தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்பர் ஆன்றோர். உற்பத்தியாளர் செய்கிறார்; வாங்கும் நாம் செய்விக்கிறோம்; அறிந்தும் வாளாவிருப்போர் உடன்படுகிறார்கள். இதில் பழியைத் தொழிற்சாலையின் வாயிலிலேயே வைத்துவிட்டுத் திரும்ப இயலாது.

நம் அடுக்களையையும் நோக்குவோம். தேனை நாம் உயிர்க்கொலை கருதி விலக்குகிறோம். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்று மருத்துவமும் கூறுகிறது. ஆயின் தேனை விலக்கிய அதே கை, கேழ்வரகுக் கூழில் நாட்டுச் சர்க்கரையை அள்ளி இடுகின்றது. வெல்லமாயினும் கருப்பட்டியாயினும், சேர்த்த இனிப்பு சேர்த்த இனிப்பே.

“இனிப்பின்றிக் குழந்தை உண்பதில்லையே” என்று தாய்மார் வருந்துவர். அவ்வருத்தம் மெய்யானது. குழந்தை இனிப்பை விரும்பியே பிறக்கின்றது. பிற சுவைகளைப் பழகித்தான் ஏற்கின்றது. ஒருமுறை துப்பிய உணவை எட்டுப் பத்து முறை, வற்புறுத்தாமல், சிறிது சிறிதாகத் தந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். நமக்கு வேண்டுவது பொறுமையே. குழந்தை வாய் திறக்க வேண்டும் என்னும் அவசரத்தில் நாம் தேடுவது பெரும்பாலும் நம் வசதியை.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு, வறுத்து அரைத்த கேழ்வரகும் பயறும் சேர்ந்த கஞ்சி, குழைத்த பருப்புச் சோறு, நம் தோட்டத்து வாழைப்பழம் மசித்தது ஆகியவை போதும். கடையில் வாங்க நேர்ந்தால் உறையில் அச்சிட்டுள்ள சேர்பொருட் பட்டியலைப் படித்து வாங்குக.

பற்றை ஒழிப்பது அரிது என்பதைப் பருவம் வந்த நாம் ஒவ்வொரு நாளும் உணர்கிறோம். பேச்சறியாக் குழந்தையிடம் ஒரு பற்றை நாமே விதைத்துவிட்டு, வளர்ந்தபின் அதனிடம் புலனடக்கம் போதிப்பது முறையன்று. விதையாதிருத்தலே அக்குழந்தைக்கு நாம் செய்யும் முதல் அறம்.