திருகோணமலை மான்களும் பொலித்தீனும்

திருகோணமலை நகருக்குள் புள்ளிமான்கள் கட்டின்றித் திரிகின்றன. பிரட்ரிக் கோட்டையிலும் கோணேசர் கோயில் வீதியிலும் கடற்கரையிலும் அவற்றைக் கூட்டமாகக் காணலாம். புல் குறைந்த இடங்களில் அவை குப்பையைக் கிளறுகின்றன. சோற்றுப் பார்சல் கட்டும் பொலித்தீன் உறையான லஞ்ச் சீட்டில் சோறும் கறியும் ஒட்டியிருக்கும். அந்த உப்புக்கும் மணத்துக்கும் இழுபட்டு மான் உறையையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் பொலித்தீன் செரிப்பதில்லை. திரண்டு கட்டியாகித் தங்கிவிடுகிறது. வயிறு நிரம்பியிருக்க, மான் பட்டினியால் மெலிந்து சாகிறது.

இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? பார்சலைச் சாப்பிட்டு உறையை எறிந்தவரோ அதைக் கட்டிக் கொடுத்த கடைக்காரரோ மானைக் கொல்ல நினைக்கவில்லை. எண்ணம் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை என்ற வாதம், விளைவு தெரியாதிருந்த காலத்துக்கே பொருந்தும். இதே கிழக்கு மாகாணத்தில், அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்த செய்தி 2022 இல் உலகெங்கும் பரவியது. அதற்கு முன்னரே, 2017 ஏப்ரலில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். இனித் தெரியாது என்று சொல்ல எவருக்கும் இடமில்லை.

ஆனால் பொறுப்பு எல்லோருக்கும் சமமன்று. மலிவான பார்சல் வாங்கும் கூலித் தொழிலாளிக்கு எந்த உறை என்று கேட்கும் வசதி இல்லை. எந்த உறையைச் செய்வது என்று முடிவெடுக்கும் வசதி உற்பத்தியாளருக்கு உண்டு. 2017 செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீட்டின் உற்பத்தியும் விற்பனையும் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அதன் பின்னரும் அது புழக்கத்தில் இருக்கிறதென்றால், எறிந்தவரின் தவறைவிடத் தடையை ஏட்டோடு விட்டவர்களின் தவறே பெரிது. உள்ளூராட்சி சபைகளுக்குப் பணமும் வாகனமும் போதாது என்பது உண்மைதான். ஆனால் மான் திறக்க முடியாத மூடியுள்ள தொட்டிகளை வைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை.

மான்களைப் பிடித்துக் காட்டில் விடலாம் என்பாரும் உளர். மான்கள் போனாலும் குப்பை இங்கேயே கிடக்கும். மாரி மழையில் அது வடிகால் வழியே கடலுக்குப் போய், ஆமைகளுக்கு இரையாகும். சாவு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகரும், அவ்வளவே. தடைசெய்யப்பட்ட உறையைக் கடைக்கு வருமுன் தடுப்பது மத்திய சுற்றாடல் அதிகார சபையின் கடமை. தெருவில் சேரும் குப்பையை மான் தொடுமுன் அகற்றுவது மாநகர சபையின் கடமை. இரண்டையும் இனியும் தள்ளிப்போட நியாயமில்லை.