படைக்கலமும் பள்ளிச் சிறாரும்

ஊறு நேராவண்ணம் காத்தற்கு அறிவு ஒன்றே அமையுமோ, அன்றி அவ்வறிவின் புறத்தே பிறிதொரு காவலும் வேண்டுமோ என்னும் வினா அறநூலார்க்குப் பழையது. அவ்வினா இக்காலத்து அமெரிக்க ஐக்கிய நாட்டில் பள்ளிச் சிறாரைப் பற்றியதொரு பெருவழக்காய் எழுந்துளது. துப்பாக்கியால் விளையும் இடரினின்று தப்பும் முறையைப் பொதுப் பள்ளிகளிற் கற்பித்தல் தகுமோ, தகாதோ என்பதே அவ்வழக்கு.

அந்நாட்டில் படைக்கலம் வைத்திருக்கும் உரிமை 1791-ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தமாக எழுதப்பட்டது. ஆகலின் துப்பாக்கி இருக்கும் இல்லங்கள் ஆண்டு மிகப் பல. தோட்டா நிரப்பிப் பூட்டாது வைத்த துப்பாக்கியுள்ள வீடுகளில் வாழும் பிள்ளைகள் ஏறத்தாழ 46 இலட்சத்தவர் என 2021-இல் நிகழ்ந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 1 வயது முதல் 19 வயது வரையுள்ளார் இறத்தற்குரிய காரணங்களுள் 2020-இல் துப்பாக்கியே முதலிடம் பெற்றது. அவ்விறப்புக்களுட் பெரும்பாலன கொலையும் தற்கொலையுமாம். கைப்பிழையால் நேர்வன அவற்றினும் மிகச் சிலவே. எனினும் விளையாட்டில் மாயும் ஓருயிரும் உயிரே யாகலின், அது சிறிதென்று ஒதுக்கற்பாலதன்று.

1988-இல் அந்நாட்டுத் தேசிய துப்பாக்கிச் சங்கத்தார் ஒரு கழுகின் உருவை முன்னிறுத்திச் சிறுவர்க்கு நான்கு கட்டளைகளைக் கற்பிக்கத் தொடங்கினர். நில், தொடாதே, அவ்விடம் விட்டு அகல், பெரியோரிடம் சொல் என்பன அவை. 2024-இல் டென்னசி மாநிலம் இத்தகைய பாடத்தை 2025-26 பள்ளி யாண்டு முதல் நடத்துக எனச் சட்டஞ் செய்தது. உண்மைத் துப்பாக்கியும் தோட்டாவும் வகுப்பினுள் வருதலாகாது என்பதும், படைக்கல உரிமை பற்றிய கட்சிவாதம் புகுதலாகாது என்பதும் அச்சட்டத்தின் வரையறைகள். 2025-இல் அர்க்கன்சாவும் யூட்டாவும் இத்துறையிற் சட்டம் இயற்றின.

இப்பாடம் வேண்டும் என்பார் கூறுமாறு: நெருப்பும் ஆழ்நீரும் உள்ள உலகில் அவற்றின் இயல்பைப் பிள்ளைக்கு உணர்த்தாது விடுதல் அன்பாகாது. தன் வீட்டிற் படைக்கலம் இல்லாத பிள்ளையும் அயல் வீட்டில் அதனைக் காணக்கூடும். மறைக்கப்பட்ட பொருளின்மேல் வேட்கை பெருகும். உணர்த்தப்பட்டதன்மேல் எச்சரிக்கை பெருகும் என்ப.

வேண்டாம் என்பார் கூறுமாறு: பள்ளியே எடுத்துப் பேசுமாயின், துப்பாக்கி இல்லத்திற்கு இயல்பான பொருள் என்னும் எண்ணம் பிள்ளையின் உள்ளத்தே வேரூன்றும். மேலும், பெரியோர் சுமக்கவேண்டிய பொறுப்பு சிறியோர் தலைமேல் ஏற்றப்படும் என்ப.

இவ்விரு கூற்றையும் சீர்தூக்குதற்குக் கண்கூடான சான்று உண்டு. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர் சிறு சிறு குழுவினராய் ஓர் அறையில் விடப்பட்டனர். ஆண்டு இழுப்பறையொன்றில் சுடவியலாத கைத்துப்பாக்கி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனைக் கண்ட குழுக்கள் 21. அவற்றுள் 16 குழுக்களில் அதனைக் கையிலெடுத்தனர். 10 குழுக்களில் ஒருவரேனும் விசையை இழுத்தனர். அங்ஙனம் எடுத்தோரும் இழுத்தோருமாகிய சிறுவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் முன்னரே எச்சரிக்கை பெற்றவர். 2004-இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வில், 4, 5 வயதுக் குழந்தைகள் கட்டளைகளை வாயாற் பிழையின்றிச் சொல்லினர். தனித்திருந்து துப்பாக்கியைக் கண்டபோதோ அவ்வாறு ஒழுகிலர். ஆயினும் பிழைத்த அவ்விடத்தேயே திருத்திப் பயிற்றியபின் ஒழுக்கம் நிலைபெற்றதென அத்துறை ஆய்வுகள் காட்டின.

இதனாற் பெறப்படுவது யாது? சொல்லறிவு வேறு, செயலறிவு வேறு என்பது. சொல்லறிவு கேட்ட அளவில் உண்டாம். செயலறிவோ இச்சையை வென்று பழகியவழி உண்டாவது. முதிர்ந்தோரும் அறிந்தே வழுவும் இவ்வுலகில், ஐந்து வயதுக் குழந்தை கேட்ட ஒரு சொல்லால் தன் வேட்கையைத் தானே அடக்கும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

அற்றேல், கற்பித்தல் பயனின்று என்று ஒழிதலே தக்கது எனின், அதுவும் பொருந்தாது. நீந்தக் கற்றோருள் சிலர் மூழ்கினர் என்பது கொண்டு நீச்சற் பயிற்சியை ஒழிப்பார் இலர். வேண்டுவது, கற்பிக்கும் முறையைப் பயிற்சியாக மாற்றுதலும், அதன் எல்லையை உணர்தலுமே.

கடமை ஆற்றலை அளவாகக் கொண்டது. இடர்தரு பொருளை விலைகொடுத்து வாங்கியவனும், அதனைப் பூட்டும் திறவுகோலை உடையவனும் பெரியோனே, குழந்தை அல்லன். ஆகலின் முதற் கடமை பெரியோனுடையது. வீட்டிற் படைக்கலம் இன்மையே தலையாய காவல் என்றும், உளதாயின் தோட்டா நீக்கிப் பூட்டித் தோட்டாவை வேறிடத்திற் பூட்டுக என்றும் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகத்தார் அறிவுறுத்துகின்றனர். பிள்ளை கைக்கெட்ட வைத்த பெரியோரைத் தண்டிக்கும் சட்டத்தை 1989-இல் புளோரிடா மாநிலம் முதன்முதல் இயற்றியது.

'பிள்ளைக்குக் கற்பித்துள்ளோம்' என்று கூறிப் பூட்டாது விடும் தந்தை, தன் கடனைக் குழந்தைமேல் ஏற்றுகின்றான். பாடத்தை விதித்துப் பூட்டைப் பற்றி வாளாவிருக்கும் அரசும் அக்குற்றத்திற் பங்குடையதே. பாடம் பூட்டுக்குத் துணையாகலாம், பூட்டுக்கு ஈடாகாது. எச்சரிக்கையை மறந்த பிள்ளையின் கை இழுப்பறையைத் திறக்கும் அந்நொடியில், அதனைக் காப்பது அது கற்ற பாடமன்று. முன்னரே ஒரு பெரியோன் திருப்பிய திறவுகோலே.