சீட்டு

ஹாங்காங் படகுத்துறை. காலை.

பயணச்சீட்டின் மேல் இருக்கை எண்ணை ஒட்டித் தருகிறாள் ஒரு பெண். ஏழு பேருக்கு ஒட்டியாகிவிட்டது. எட்டாவது நான்.

 

கடல் பச்சையாக இருக்கிறது. பிறகு பழுப்பாக இருக்கிறது. முத்து ஆறு கரைத்துக்கொண்டு வரும் மண். நிறம் மாறிய இடத்தைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் படவில்லை.

 

மக்காவ்.

கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. உள்ளே ஒரு சிறு தாளை வைத்துத் தருகிறார்கள். எந்தத் தேதிவரை இருக்கலாம் என்று அதில் இருக்கிறது. நான் மாலையில் போய்விடுவேன்.

 

வெளியே சூதாட்ட விடுதிகளின் பேருந்துகள். கட்டணம் இல்லை. கதவுகள் திறந்தே இருக்கின்றன.

ஏறவில்லை.

 

செனடோ சதுக்கம். கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு கற்கள், அலை அலையாக. தரை சமம்தான். கால்தான் ஏறி இறங்குகிறது.

 

தெருப்பெயர்கள் வெள்ளை ஓட்டில், நீல எழுத்தில். சீனம். போர்த்துக்கீசியம். 1557இல் குடியேறியவர்கள், 1999 டிசம்பரில் ஊரை ஒப்படைத்துவிட்டார்கள். ஓடுகள் துடைத்து வைத்தாற்போல் இருக்கின்றன.

யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

 

தூய பவுல் ஆலயம். முகப்பு மட்டும். 1835இல் தீ.

கல்லில் ஒரு கப்பல். கல்லில் ஒரு பெண், பல தலைப் பாம்பின் மேல் நிற்கிறாள். பக்கத்தில் சீன எழுத்துகள்.

சன்னல்களில் வானம்.

ஒரு மேகம் இடது சன்னலில் வருகிறது. கல்லுக்குப் பின்னால் போகிறது. அடுத்த சன்னலில் வருகிறது. கொஞ்சம் மெலிந்திருக்கிறது.

அதே மேகமா.

 

பழைய கல்லறைத் தோட்டம். நிழல். ஜார்ஜ் சின்னரி, ஓவியர். 1802இல் சென்னைக்கு வந்தவர். பிறகு கல்கத்தா. கடன்காரர்களுக்குத் தப்பி 1825இல் இங்கே. 1852இல் மண்ணுக்குள்.

சென்னை என்று மனம் சொன்னதும் வெயில் ஒரு கணம் வேறு வெயிலாகிறது.

எறும்பு ஒன்று கல்லின் எழுத்துப் பள்ளத்தில் இறங்கி நடக்கிறது.

 

ஆ-மா கோயில். கடலோடிகளின் தாய். ஊருக்குப் பெயர் இவளிடமிருந்து என்கிறார்கள்.

பாறையிலும் ஒரு கப்பல்.

கூரையிலிருந்து சுருள் ஊதுவத்திகள் தொங்குகின்றன. கூடை அளவு. (கொசுவர்த்தி என்றுதான் மனம் முதலில் சொன்னது.) ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு. யாருடைய பெயரோ, யாருடைய வேண்டுதலோ. நெருப்பு சுற்றிச் சுற்றி வருகிறது. அவசரம் இல்லை.

புகை மூக்கில். புகை கண்ணில்.

சாம்பல் சட்டைக் கையில் விழுகிறது. தட்டினால் கறையாகும். விட்டுவிடுகிறேன்.

 

லிஸ்போவா. 1970இல் திறந்த சூதாட்ட விடுதி.

சன்னல் இல்லை. கடிகாரம் இல்லை. கம்பளத்தில் காலடிச் சத்தம் இல்லை.

 

பக்காரா மேசை. ஒன்பதுக்கு நெருங்குகிறவருக்கு வெற்றி. ராஜாவுக்கும் ராணிக்கும் இங்கே மதிப்பு பூஜ்யம்.

பெரியவர் ஒருவர் கவிழ்ந்த சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தூக்குகிறார். ஒரு மயிரிழை. இன்னும் ஒரு மயிரிழை. நிறுத்துகிறார். குனிந்து, சீட்டுக்குள் ஊதுகிறார். உள்ளே இருக்கும் புள்ளிகள் பறந்துபோக வேண்டுமாம்.

சுற்றியிருப்பவர்கள் மூச்சை நிறுத்தியிருக்கிறார்கள். நானும்தான் என்பது பிறகு தெரிகிறது.

திருப்புகிறார்.

யாரோ இருமுகிறார்கள். பணவில்லைகள் இடம் மாறுகின்றன. கசங்கிய சீட்டு மறுபடி கட்டுக்குப் போவதில்லை. ஒரு துளை வழியே மேசைக்குள் விழுகிறது.

அடுத்த சீட்டு புதிது.

 

வெளியே வந்தால் இருட்டிவிட்டது. எப்போது.

 

அடகுக்கடைகள். வரிசையாக. கண்ணாடிக்குப் பின்னால் கைக்கடிகாரங்கள். நூறு இருக்கும். உள்ளே இல்லாத நேரமெல்லாம் இங்கே இருக்கிறது. ஒன்று நான்கு மணி என்கிறது. ஒன்று பத்தேகால்.

ஒரு முள் மட்டும் நகர்கிறது.

 

வெண்ணெய் மணம். முட்டை டார்ட். மேலே கருகல். நடுவே இளகல். நாக்கு சுடுகிறது.

அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை, கொஞ்ச நேரம்.

 

திரும்பும் படகு. பாதிப் பேர் தூங்குகிறார்கள். வாய் திறந்திருக்கிறது.

பக்கத்து இருக்கைக்காரர் தன் பயணச்சீட்டில் ஒட்டிய எண்ணைப் பார்க்கிறார். ஓரத்தை நகத்தால் கிளப்புகிறார். மெதுவாக. பாதிவரை வந்து, விட்டுவிடுகிறார்.

சன்னலில் கடல் இல்லை. விளக்கும், என் நெற்றியும்.

எந்திரம் அதிர்கிறது. முழங்காலில். பல்லில்.

சட்டைக் கையில் சாம்பல் அப்படியே.