மழலைக்கு ஏங்கும் மனமும் மருத்துவமும்

மகப்பேறு வாய்க்காதோரின் ஏக்கத்தை அளக்க அளவுகோல் இல்லை. அவ்வேக்கம் தணிக்கவே, 1992இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகர மருத்துவர்கள், ஒரே விந்தணுவை நுண்ணூசியால் சினைமுட்டைக்குள் செலுத்திக் கருவுறச் செய்த வெற்றியை உலகுக்கு அறிவித்தனர்.

ஆயினும், ஊசி நுழைந்தும் சில முட்டைகள் உறக்கம் கலைவதில்லை. விந்தணு சுமந்துவரும் ஒரு புரதமே முட்டைக்குள் கால்சிய அலைகளை எழுப்பி, அதனைக் கருவாக வளரத் தூண்டுகிறது. அப்புரதம் குறைந்தால் தூண்டுதலும் இல்லை. அந்நிலையில், முட்டைக்குள் கால்சியத்தைப் பெருகச் செய்யும் வேதிப்பொருளில் அதனைச் சில நிமிடங்கள் வைத்து எழுப்ப முயல்கின்றனர். இவ்வழிப் பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் ஆறுதல் அளிப்பினும், நெடுங்கால விளைவை உரைக்கப் போதிய சான்று இன்னும் சேரவில்லை.

இங்கேதான் அறவினா எழுகின்றது. பெற்றோர் ஒப்புதல் தரலாம்; பிறக்கவிருக்கும் குழந்தையிடம் ஒப்புதல் பெறுவது எங்ஙனம்? இயற்கையாகப் பிறக்கும் குழந்தையும் ஒப்புதல் தந்து பிறப்பதில்லை என்பர் சிலர். உண்மையே. ஆனால், இயற்கையின் செயலுக்கு எவரும் பொறுப்பாளர் அல்லர். மனிதன் செயலுக்கு மனிதனே பொறுப்பு. ஆகவே, முயற்சியை விலக்க வேண்டுவதில்லை. அதனைத் தேவை தெளிந்தோர்க்கு மட்டும் அளிப்பதும், சோதனையைச் சோதனை என்றே சொல்வதும், பிறந்த குழந்தையின் நலனைப் பல்லாண்டு தொடர்ந்து கவனிப்பதும் மருத்துவரின் கடன்.

ஏங்குவோர் செவியில் 'கூடும்' என்னும் சொல் 'உறுதி' என்றே விழும். அதனை அறிந்து பேசுவதே அறம்.